புள்ளியை எழுத்தென ஏற்காத மொழி

தமிழ் யாப்பைக் கணினிவழி ஆராயும் எனக்குத் தில்லியில் அன்றாடக் கருவி கோ நிரல்மொழி. 2009இல் கூகுள் வெளியிட்ட அம்மொழியை வடிவமைத்த மூவருள் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் யூடிஎஃப்-8 குறியாக்கத்தை உருவாக்கியவர்கள். எனவே கோவின் சரங்களில் தமிழ் தடையின்றி அமைகிறது.

எண்ணத் தொடங்கும்போதுதான் சிக்கல். 'தமிழ்' என்னும் சொல்லுக்கு 'லென்' தரும் விடை 15; அது பைட்டுகளின் எண்ணிக்கை. ரூன்களாக எண்ணினால் 5. இலக்கணப்படி எழுத்து மூன்றே. இகரக் குறியும் புள்ளியும் யூனிகோடில் தனிக் குறியீடுகள் என்பதே காரணம். 'யூனிசெக்' என்னும் நிரலகத்தைக் கொண்டு எண்ணினால் 3 கிடைக்கும். ஒற்றைப் பிரித்தறியாமல் அசை பிரிக்க இயலாது; ஆதலால் இவ்வேறுபாடு ஆய்வின் அடித்தளத்தையே தொடுகிறது.

மாறிகளுக்குப் பெயரிடும் விதி இன்னும் கடுமையானது. யூனிகோடு 'எழுத்து' என வகைப்படுத்தியவை, எண்கள், அடிக்கோடு ஆகியவை மட்டுமே பெயரில் வரலாம். உயிர்க்குறிகளும் புள்ளியும் அவ்வகையில் அடங்கா. ஆகவே 'பல' செல்லும், 'பாடல்' செல்லாது. இந்தியில் ஆராயும் நண்பருக்கும் இதே நிலை: தேவநாகரியில் 'தில்லி' எனப் பெயரிட்டால் கோ மறுத்துவிடும். பைத்தான் 3 இவ்விரண்டையும் ஏற்கிறது.

இதற்காகக் கோவைக் கைவிட வேண்டியதில்லை. ஆய்வேட்டில் 'எழுத்து எண்ணிக்கை' என்று எழுதும் மாணவ நண்பர்கள், எண்ணியது பைட்டையா, ரூனையா, எழுத்தையா என்பதையும் உடன் எழுதுக. கருவி அறியாத இலக்கணத்தை அறிந்து சொல்வது ஆய்வாளரின் கடன்.