நீச்சல் தெரியுமா?

கோடைப் பயிற்சி முகாமின் படிவத்தில் மூன்றாவது கேள்வி: 'நீச்சல் தெரியுமா?' அக்கா மகளுக்குத் துணையாகத்தான் சுண்ணாம்பாற்றுக்குப் போயிருந்தேன். "நீயும் ஏறு மாமா" என்று அவள் விடவில்லை. நாற்பத்து மூன்று வயதில் 'தெரியாது' என்று எழுதக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் யோசிக்காமல் 'தெரியும்' என்று எழுதினார்கள்.

எங்கள் ஊரிலும் குளம் இருந்தது தோழர்களே. ஊர்த்தெருப் பையன்கள் படித்துறையிலிருந்து குதிப்பார்கள். நாங்கள் கரையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். ஒருமுறை இறங்கிய அண்ணனை அப்பாவே இழுத்துப் போட்டு அடித்தார். மற்றவர்கள் அடிப்பதற்குள் தான் அடித்துவிட வேண்டும் என்ற பயம் அவருக்கு. அது எனக்குப் புரிய இருபது வருடம் ஆனது.

1927 மார்ச் 20 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளிக் குடித்தார். அதை ஆண்டுதோறும் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். ஆனால் தண்ணீரில் விளையாடுவதைப் பற்றி நானே எந்த மேடையிலும் பேசியதில்லை. அது ஏதோ வசதியானவர்கள் விஷயம் என்று நினைத்திருந்தேன்.

ஸ்டாண்ட்-அப் பேடில் போர்டிங் என்பது பத்தடிக்கு மேல் நீளமான பலகையில் நின்றுகொண்டு துடுப்புப் போடுவது. கட்டுமரம் பார்த்தவர்களுக்குப் பெரிய அதிசயமில்லை. பயிற்சி கொடுத்தவர் மீனவர் வீட்டுப் பையன். முதலில் உயிர்காப்புச் சட்டை. பிறகு கணுக்காலில் ஒரு கயிறு, விழுந்தாலும் பலகை ஓடிவிடாது. பலகையின் நடுவில் முட்டி போட்டுக் கொஞ்ச தூரம் போய், அப்புறம் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து எழ வேண்டும். துடுப்பை நான் திருப்பிப் பிடித்திருந்தேன். அதன் வளைவு முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டுமாம்.

"அண்ணா, காலைப் பாக்காதீங்க. தூரத்துல அந்தத் தென்னையைப் பாருங்க."

காலைப் பார்த்தேன். விழுந்தேன். நான்கு முறை.

அன்றிரவு 1919 ஜூலை 27 நினைவுக்கு வந்தது. சிகாகோவில் யூஜின் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுக் கறுப்பினப் பையன் மிச்சிகன் ஏரியில் ஒரு தெப்பத்தோடு மிதந்தான். வெள்ளையர்கள் தமக்கென்று வைத்துக்கொண்ட பகுதிப் பக்கம் போய்விட்டான் என்று ஒருவன் கல்லெறிய, பையன் மூழ்கி இறந்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். தண்ணீரில் கோடு கிழிக்க முடியாது என்று யார் சொன்னது?

ஐந்தாம் நாள் எழுந்து நின்றேன். முழங்கால் நடுங்கியது, ஆனால் பலகை நகர்ந்தது. அக்கா மகள் எனக்கு முன்னால் வெகுதூரம் போயிருந்தாள். அவளுக்கு அந்தக் குளத்தின் கதை தெரியாது. சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

முகாம் கட்டணம் எங்கள் தெருவில் ஒருவரின் பல நாள் கூலி. அடுத்த மே மாதம் ஆறு பிள்ளைகளை அழைத்துவரலாமா என்று அந்தத் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். "முதல்ல நீச்சல் கத்துக் கொடுத்துடலாம்ணா, பலகை அப்புறம்" என்றான். நானும் அவர்களோடு சேர்ந்து இறங்கப்போகிறேன்.