சிவப்பு மையில் அடித்த பெயர்கள்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ஃப்யூயல் செல் ஆராய்ச்சியில் இருக்கிறாள். ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தரும்; மிஞ்சுவது தண்ணீர். "அதில நீ என்னம்மா செய்யறே?" என்றேன். "அது எவ்வளவு காலம் உழைக்கும்னு கணக்குப் போடறேன் டீச்சர்" என்றாள்.

காரில் வைக்கும் செல் 5,000 மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை வைத்த இலக்குகளில் ஒன்று. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு. அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் உள்ளே பிளாட்டினத் துகள்கள் கரையும், சவ்வு மெலியும். ஆனால் எல்லா செல்லும் ஒரே நேரத்தில் கெடுவதில்லை. அதற்குத்தான் புள்ளியியல்.

"5,000 மணின்னா ஏழு மாசம் ஆச்சே. சோதனையை நிறுத்தும்போதும் கெடாம ஓடற செல்லை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

தாளில் எழுதிக் காட்டினாள். ஐந்து செல் என்று வைத்துக்கொள்வோம். மூன்று செல் 2,000, 3,000, 4,000 மணியில் கெட்டுவிட்டன. இரண்டு 5,000 மணியிலும் ஓடுகின்றன. கெட்டவற்றை மட்டும் எடுத்தால் சராசரி 3,000. அது தப்பு. ஓடுவதை 5,000 என்று வைத்தாலே 3,800 வரும். உண்மை அதற்கும் மேலே.

"ஓடறதைத் தூக்கிப் போடவும் கூடாது, கெட்டதா எழுதவும் கூடாது டீச்சர். இதுவரைக்கும் பார்த்தோம், இன்னும் ஓடுதுன்னு எழுதணும்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வருஷக்கணக்காக வருகைப் பதிவேடு எழுதியவள் நான். பாதியில் நின்ற பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, மிச்சப் பேரை வைத்துத் தேர்ச்சி சதவீதம் போட்டேன். நூற்றுக்கு நூறு என்று பாராட்டும் வாங்கினேன். ஏழாம் வகுப்பில் தறிக்குப் போன ஒருவனைப் பற்றி, "அவன் கதை முடிஞ்சுது" என்று வகுப்பிலேயே சொன்னேன். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அந்த வகுப்பில் இவளும் இருந்தாள். கிளம்பும்போது, "அவன் இப்ப எங்க டீச்சர் இருக்கான்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவன் கதை முடியவில்லை. நான்தான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

பிள்ளைகளே, உங்களோடு படித்துப் பாதியில் நின்றவர்கள் யார் யார், இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். போன் நம்பரைப் பொதுவில் போட வேண்டாம். பழைய நோட்டு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.