ஊரா, காலனியா?

விருத்தாசலத்தில் உளுந்தூர்பேட்டை பஸ் ஏறி, மங்கலம்பேட்டைக்குப் பக்கத்தில் இறங்கினால் எங்கள் ஊர். 'எங்கள் ஊர்' என்று எழுதுவது வெறும் பழக்கம்தான். ஊரில் எங்களுக்கு வீடு கிடையாது. எங்கள் வீடுகள் காலனியில் இருக்கின்றன. டிக்கெட் கேட்கும்போதே கண்டக்டர் கேட்பார்: "ஊரா, காலனியா?" இரண்டுக்கும் ஒரே கட்டணம்தான். ஆனாலும் கேட்பார்.

எட்டாம் வகுப்பில் வாத்தியார், "இந்தியா பிரிட்டிஷாரின் காலனியாக இருந்தது" என்று பாடம் நடத்தினார். மொத்த வகுப்பும் எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தது. கடைசி பெஞ்சில் எங்களோடு இருந்தவன் மட்டும் காதில் சொன்னான்: "நாடு முழுக்க நம்ம தெருவாடா இருந்திருக்கு!" அன்றைக்கு நாங்களும் சிரித்தோம். பிறகு அறிவியல் பாடத்தில் எறும்புக்குக் காலனி வந்தது, பாக்டீரியாவுக்கும் வந்தது. அப்போதும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முறை எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுத்திலும் எங்களுக்கு மிச்சம் வைக்கவில்லை. எத்தனையோ ஊர்களில் பெயர்ப்பலகையில் 'காலனி' என்பதைக் 'காலணி' என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவருக்கு அது ஒரு சுழிப் பிழை. ஆனால் செருப்பு போட்டு ஊர்த்தெருவில் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட தாத்தாவின் பேரன் அந்தப் பலகையின் கீழ் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான்.

கல்லூரிக்குச் சென்னை வந்தோம். விடுதியில் ஒரு நண்பன், "எங்க வீடு பேங்க் காலனி" என்றான். நம்ம ஆள் கிடைத்துவிட்டான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போனான். இரும்பு கேட், நாய், கார். வழியெல்லாம் டாக்டர்ஸ் காலனி, டீச்சர்ஸ் காலனி, ரயில்வே காலனி. என்.ஜி.ஓ. காலனி என்பதைப் பார்த்து தொண்டு நிறுவனக்காரர்கள் குடியிருப்பு என்று நினைத்தோம். அது கெஜட்டட் பதவி இல்லாத அரசு ஊழியர்களுடையதாம். டில்லியின் டிஃபென்ஸ் காலனியில் ஒரு வீட்டின் விலையைக் கேட்டால் எங்கள் காலனியையே எத்தனை முறை வாங்கலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். நகரத்தில் காலனிக்கு முன்னால் ஒரு உத்தியோகத்தின் பெயர் நிற்கிறது. கிராமத்தில் முன்னால் எதுவும் வேண்டாம், காலனி என்றாலே சாதி தெரிந்துவிடும்.

அந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் இன்னும் வேடிக்கை. லத்தீனில் 'கொலோனஸ்' என்றால் உழவன். 'கொலோனியா' என்பது ரோமானியர்கள் தங்கள் மக்களை நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர். ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் பெயரே அதிலிருந்துதான் வந்தது. உழுகிறவனுக்கு நிலமும் சேர்த்துத் தந்தால்தான் அது காலனி! எங்களுக்கு உழவு இருந்தது, நிலம் இல்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்கள் யார் கையில் என்று நீங்களே உங்கள் தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், தோழர்களே. வீட்டுமனைக்கு நிலம் எடுக்க 1978இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே 'ஹரிஜன்' இருக்கிறது. அப்படிக் கிடைத்த மனைகளும் பெரும்பாலும் ஊரைத் தாண்டித்தான்.

எங்கள் ஆயா கடைசிவரை 'சேரி' என்றுதான் சொன்னது. சங்க இலக்கியத்தில் சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான், இழிவு எதுவும் இல்லை. அதை வசவாக்கினார்கள். பிறகு அதற்கு மரியாதையான மாற்றாகக் 'காலனி' வந்தது. அதையும் வசவாக்கிவிட்டார்கள்.

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். முந்தைய ஆண்டு ஜூனில் கேரளத்தில் அமைச்சர் கே.ராதாகிருஷ்ணன் பதவி விலகும் முன் போட்ட உத்தரவும் இதுதான். வரவேற்கிறோம். சான்றிதழில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு பிள்ளை வேலைக்குப் போவது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்த அறிவிப்புக்கு முந்தைய நாள், ஏப்ரல் 28 அன்று, உச்ச நீதிமன்றம் கண்ணகி–முருகேசன் வழக்கில் தண்டனையை உறுதி செய்தது. எங்கள் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், 2003இல், விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டவர்கள். முருகேசன் பொறியியல் பட்டதாரி. இருவரும் ஒரே கிராமம்தான், நடுவில் ஊர் – காலனி என்கிற கோடு இருந்தது. நீதி வர ஏறத்தாழ 22 ஆண்டுகள் ஆயின. அந்தக் கோட்டை எந்த ஆவணத்திலிருந்து நீக்குவது?

அறிவிப்பு வந்த வாரம் பசங்கள் கூடிப் புதுப் பெயர் எழுதினார்கள். அம்பேத்கர் நகர் என்றான் ஒருவன். பக்கத்திலேயே மூன்று அம்பேத்கர் நகர் இருக்கிறது, தபால் மாறிப்போகும் என்றான் இன்னொருவன். அயோத்திதாசர், ரெட்டைமலை சீனிவாசன் என்று பட்டியல் நீண்டது. எங்களில் ஒருவன் "காலனி என்றே இருக்கட்டும், நாம ஏன் வெக்கப்படணும்?" என்று சண்டைக்கு வந்தான். அவனுக்குச் சொல்ல எங்களிடம் இன்னும் சரியான பதில் இல்லை.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது: "பேரு எதுனா வையிங்கடா. மழை பேஞ்சா பொணத்தைத் தூக்கிக்கிட்டு முழங்கால் சேத்துல போறோமே, அந்தச் சுடுகாட்டுப் பாதை, அதையும் சேத்து மனுவுல எழுதுங்க."

எழுதினோம். முதல் வரியில் பாதை, இரண்டாவதாகப் பெயர். அனுப்புநர் முகவரியில் மட்டும் வழியில்லாமல் 'காலனி' என்றே போட்டோம்.