கடைசி சைக்கிளின் வேகம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராமேஸ்வரத்துக்குச் சைக்கிளில் போக நினைப்பவர்களுக்குத் தை மாதம்தான் மாதம். மழை ஓய்ந்திருக்கும், வாடைக்காற்று மட்டும் மிச்சமிருக்கும். தெற்கே போகிறவர்களுக்கு அது பின்னாலிருந்து வீசும். ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தூரத்தில் பெரும்பகுதிக்கு இந்தக் காற்று துணை வருகிறது. பொங்கல் கழிந்ததும் நாங்கள் கிளம்பியது அதனால்தான்.

குழுவில் பள்ளி ஆசிரியர் இருந்தார், வங்கி ஊழியர் இருந்தார், மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் இருந்தார், கல்லூரி மாணவர்களும் ஒரு மாணவியும் இருந்தார்கள். கியர் சைக்கிளும் வந்தது, கேரியர் வைத்த சாதா சைக்கிளும் வந்தது. கிளம்பும்போது பேசிக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: கடைசியில் வருகிறவரின் வேகம்தான் குழுவின் வேகம். நன்றாக மிதிக்கத் தெரிந்தவருக்கு இரண்டே இடங்கள். ஒன்று, முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பம்ப்பும் பஞ்சர் சாமானும் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் வர வேண்டும்.

விடிவதற்கு முன்பே விளக்குப் போட்டுக்கொண்டு சாலைக்கு வந்துவிடுவோம். ஒரு நாளைக்கு எண்பது, நூறு கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் பத்து மணி வெயிலுக்குள் முடிந்துவிட வேண்டும். வரிசையில் போகும்போது முன்னால் இருப்பவர்தான் எல்லாருக்கும் கண். “குழி!” என்று அவர் சொன்னால் அது வாய் மாறி வாய் மாறிக் கடைசி சைக்கிள் வரை போகும். பின்னால் லாரி வந்தால் சேதி அதே வழியில் முன்னோக்கி வரும். இரண்டாம் நாளிலேயே இது பழகிவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் குரலை நம்பி ஒருவர் மிதிப்பது சாதாரண விஷயமல்ல.

மரக்காணத்தில் சாலையின் இருபுறமும் உப்பளம். மழைத் தண்ணீர் வடிந்து, பாத்திகளை மிதித்துச் சரிசெய்யும் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. காரில் பலமுறை கடந்த இடம்தான். சைக்கிளில் போகும்போதுதான் அந்தச் சேற்றின் வாசனையும், பாத்திக்குள் நிற்பவர்களின் முகமும் தெரிந்தன. புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தைக் கடந்தால் சம்பா அறுவடை. சாலையில் பாதியை நெல் அடைத்துக்கொண்டிருந்தது. காயும் நெல்லின் மேல் சக்கரம் ஏறாமல் ஒற்றை வரிசையாக ஒதுங்கிப் போனோம். தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையின் முன்னால் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துத் தின்றோம். நாகப்பட்டினத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. எங்களுக்குத் தங்க இடம் கொடுத்த குடும்பத்திலும் அந்த இழப்பு இருந்தது.

வேதாரண்யத்துக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் ஆசிரியர். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பிய உப்பு சத்தியாகிரகிகள் இங்கேதான் நடந்து வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுக்கக் கூடாது என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தோர்ன் தடை போட்டார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி வழியோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். ஆசிரியர் இதைச் சொல்லி முடித்தபோது எங்கள் கையில் யாரோ காசு வாங்காமல் கொடுத்த மோர் இருந்தது. இந்தக் கரையில் வழிப்போக்கர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இன்றும் குறையவில்லை.

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் தென்னந்தோப்புகள். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப்போட்ட மரங்களுக்குப் பதிலாக நட்ட கன்றுகள் பல இடங்களில் தலைக்கு மேல் வளர்ந்திருந்தன. கட்டுமாவடியில் புதுக்கோட்டை மாவட்டம் தொடங்குகிறது. கடலோரத்தில் கொஞ்ச தூரமே வரும் மாவட்டம். ஆனால் தமிழ்நாட்டில் சைக்கிளைப் பற்றிப் பேசுகிறவர்கள் வணங்கிவிட்டுப் போக வேண்டிய மண் அது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் இங்கே பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. விவசாயக் கூலிகளும் குவாரித் தொழிலாளிகளும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்பதால் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறி, முன்பாரில் குழந்தையை உட்காரவைத்துப் போனார்கள்.

மீமிசலில் டீக்கடை வைத்திருந்த அக்கா எங்கள் மாணவியையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கேருந்து பாப்பா வர்ற?” என்றார். மெட்ராஸ் என்றதும் வெளியே வந்து, அவளுடைய சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்தார். “நானும் அறிவொளியில கத்துக்கிட்டவதான். அதுக்கு முன்னாடி பஸ் வந்தாதான் ஆஸ்பத்திரி. அப்புறம் எனக்கு நேரம் ஆனா நானே கெளம்பிருவேன்.” சைக்கிள் ஒரு பெண்ணுக்கு என்ன கொடுத்தது என்பதைக் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். அந்தக் கடைசி வாக்கியத்தைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தொண்டிக்குப் பிறகு சீமைக் கருவேலங்காடு. பெரியவரின் பின்சக்கரம் இறங்கிவிட்டது. கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனதும் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் எங்கள் பம்ப்பையும் கருவிகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு டயரைக் கழற்றினார். ட்யூபில் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் சாண் சாணாக முக்கினார். ஓரிடத்தில் குமிழி வந்தது. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலுசன் தடவி, அது காயும் வரை பேசாமல் இருந்தார். ஒட்டி முடித்தும் டயரை மாட்டவில்லை. உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணுக்குத் தெரியாத அளவில் நின்ற முள்முனையைக் குறடால் பிடுங்கிக் காட்டினார். “இத எடுக்காம ஒட்டுனா அடுத்த ஊருக்குள்ள திரும்ப எறங்கிரும் தம்பி.” அந்த அரைமணி நேரமும் குழு முழுக்க அங்கேயே நின்றது. முன்னால் போய்ச் சேரலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ராமநாதபுரத்தில் சாலை கிழக்கே திரும்புகிறது. அதுவரை தள்ளிவிட்ட காற்று அங்கிருந்து எதிரியாகிவிடும். மண்டபம் நெருங்க நெருங்கப் பெடல் கனத்தது. தனியாக மிதிப்பவர் பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடுவார். முன்சக்கரத்தை முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி வைத்து நெருங்கிப் போனால் அவருடைய உடம்பு காற்றைப் பிளந்து கொடுக்கும். பின்னால் வருபவருக்கு உழைப்பு கணிசமாகக் குறையும். முன்னால் இருப்பவர் சில நிமிடம் மிதித்துவிட்டு ஒதுங்கி வரிசையின் கடைசிக்கு வருவார், அடுத்தவர் முன்னால் போவார். பெரியவருக்கு மட்டும் முன்னால் போகும் முறை வராமல் மாணவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர் அதைக் கண்டுபிடித்து, கடைசியில் ஒருமுறை தானும் முன்னால் போனார்.

1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கத்தில் ரயில் பாலம், கீழே நீலமும் பச்சையுமாகக் கடல். ஏற்றத்தில் பக்கக்காற்று சைக்கிளைச் சாய்க்கிறது. சுற்றுலா வாகனங்கள் உரசிக்கொண்டு போகின்றன. நின்று பார்க்க ஆசைப்பட்டாலும் வரிசை கலையாமல் இறங்கினோம். யாரையும் வழியில் விட்டுவிடாமல் எல்லாரும் சேர்ந்தே ராமேஸ்வரத்துக்குள் நுழைந்தோம்.

நீண்ட தூரத்தைச் சைக்கிளில் கடக்கப் பெரிய உடம்பு வேண்டியதில்லை, விலை உயர்ந்த சைக்கிளும் வேண்டியதில்லை. காத்திருக்கத் தெரிந்த நாலு பேர் போதும். வரும் தையில் நீங்களும் கிளம்புங்கள். காரிலோ பஸ்ஸிலோ போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சாலையோரம் சைக்கிள்கள் வரிசையாகப் போவதைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்து, இரண்டு கை அகலமாவது இடம்விட்டுக் கடந்துபோங்கள்.