பின்வரிசைக்காரன்

கால்பந்தில் கோல் போட்டவன் பெயரைத்தான் ஊர் கேட்கும். பேக் ஆடியவன் பெயரை யாரும் கேட்பதில்லை. பந்தைத் தவறவிட்டால் மட்டும் தவறாமல் கேட்பார்கள். நம் கல்லூரி அணியில் ஒன்றரை ஆண்டு பேக் ஆடியவன் என்ற முறையில் அனுபவித்தே இதை எழுதுகிறேன். வேதியியல் மாணவனுக்கு இது ஏன் என்று மலர்க் குழுவினர் கேட்க மாட்டார்கள் என நம்புகிறேன்.

சென்ற மார்கழியில் கல்லூரிகளுக்கிடையே நடந்த ஆட்டமொன்றில் என் வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. ஜவ்வு கிழிந்துவிட்டது, இனிப் பந்தைத் தொடாதே என்றார் மருத்துவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்கும் என்று வீடே நம்பியிருந்தது. என் தகப்பனார் தாரமங்கலத்தில் விசைத்தறி ஓட்டுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அவர் என்னைத் திட்டவில்லை. என் பூட்ஸைத் துடைத்துப் பரணில் வைத்தார். திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

கட்டிலில் கிடந்த நாட்களில்தான் டி. கே. சாத்துண்ணியைப் பற்றிப் படித்தேன். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், சாலக்குடிக்காரர். ராணுவத்தில் சேர்ந்து சர்வீசஸ் அணிக்கும், பின்பு கோவாவுக்கும் சந்தோஷ் கோப்பையில் ஆடினார். 1973-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா போட்டிக்குச் சென்ற இந்திய அணியிலும் இருந்தார். அவரும் பேக்தான். ஆனால் நாடு அவரை அறிந்தது ஆடுவதை நிறுத்திய பிறகு. 1990-இல் கேரள போலீஸ் அணி பெடரேஷன் கோப்பையை வென்றபோது பயிற்சியாளர் அவர். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ. எம். விஜயன் அந்த அணியில்தான் ஆடினார். 1997-98 தேசிய லீக்கை மோகன் பகான் வென்றதும் அவர் பயிற்சியில். கேரளம், கோவா, கொல்கத்தா என்று பெட்டியும் கையுமாக அலைந்தவர், 2024 ஜூனில் 79-ஆம் வயதில் காலமானார்.

இத்தாலியின் கிளாடியோ ரனியேரியும் இதே சாதிதான். கட்டன்சாரோ அணியில் பேக் ஆடிவிட்டு, சிற்றூர் அணிகளில் பயிற்சியாளராகத் தொடங்கினார். மூன்றாம் பிரிவில் கிடந்த காலியாரியை 1990-க்குள் முதல் பிரிவுக்கு ஏற்றினார். 2016-இல் லெஸ்டர் சிட்டியோடு இங்கிலாந்துப் பட்டத்தையே வென்றார்.

முன்னால் ஓடுகிறவனுக்குக் கோல் கம்பம் தெரிந்தால் போதும். பின்னால் நிற்பவனுக்குத் தன் ஆட்களின் முதுகும் எதிராளிகளின் முகமும் சேர்ந்தே தெரிய வேண்டும். தொண்ணூறு நிமிடமும் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். பாதிப் பயிற்சியாளன் அங்கேயே ஆகிவிடுகிறான்.

நம் உடற்கல்வி இயக்குநர் சொன்னதன்பேரில், இப்போது மாலை வேளைகளில் ஓமலூருக்கு வெளியே, ஏரி வற்றிய பக்கத்தில் பதினான்கு பள்ளிப் பையன்களுக்குப் பந்து சொல்லித் தருகிறேன். பதினான்கு பேருக்கும் கோல் போடத்தான் ஆசை. ஒருவனை மட்டும் கெஞ்சிக் கூத்தாடிப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன்.

போன வாரம் தறி முடிந்து வந்த அப்பா, கரையில் சைக்கிளைச் சாத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பையன் ஏன் வெறுங்காலோட பின்னாலயே நிக்கறான்?”

“நான்தான்ப்பா நிக்கச் சொன்னேன்.”

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பரண் மேல கெடக்குதே, அது அவன் காலுக்குச் சேருமா?” என்றார்.

“இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்ப்பா” என்றேன்.

- இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)