நானும் கை தூக்கினேன்

மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பில் நான் கற்றுக்கொள்ளாத ஒரு பாடத்தை, அரைமணி நேரத்தில் எனக்குக் கற்றுத் தந்தது எங்கள் மாதிரிப் பாராளுமன்றம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

சென்ற பருவத்தில் கல்லூரி அரங்கில் அது நடந்தது. நாட்டின் எல்லையில் போர் மூண்டுவிட்டது. குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலைப் பிரகடனம் செய்துவிட்டார். அவை அதற்கு ஒப்புதல் தர வேண்டும். இதுதான் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட கற்பனைச் சூழ்நிலை. நான் ஆளுங்கட்சி வரிசையில் ஓர் உறுப்பினன். தீர்மானமும் விளக்கக் குறிப்பும் அடங்கிய இரண்டு தாள்களை முந்திய நாளே தந்திருந்தார்கள். மார்த்தாண்டத்திற்குப் பஸ் ஏறும் அவசரத்தில் அவற்றை மடித்து நோட்டுக்குள் வைத்தவன், பிறகு எடுத்துப் பார்க்கவேயில்லை.

எதிர்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "இந்த நிலை எத்தனை நாளைக்கு?" என்று வினவினாள். "போர் முடியும் வரை" என்று முழங்கினான் அமைச்சராக நடித்த நண்பன். "போர் முடிந்துவிட்டது என்று யார் முடிவு செய்வது?" என்றாள் அவள். எங்கள் பக்கத்திலிருந்து விடை வரவில்லை. சிரிப்பும் மேசை தட்டும் ஓசையுமே எழுந்தன. நானும் தட்டினேன். அவைத்தலைவர் மணியடித்தார். "ஆதரிப்போர் கை தூக்குக" என்றார். நானும் கை தூக்கினேன். பலத்த கரவொலிக்கிடையே தீர்மானம் நிறைவேறியது.

அன்று மாலை வீட்டில் பாட்டாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"அந்தத் தாளை வாசிச்சியா மக்கா?"

நான் பேசாமல் நின்றேன். பாட்டா இளமையில் மார்த்தாண்டத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். 1976-இல் நடந்த ஒன்றை அன்றுதான் எனக்குச் சொன்னார். ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்கான துண்டறிக்கையை அவர் கோர்த்து முடித்திருந்தாராம். சொற்பொழிவாளர் ஒருவரின் பெயருக்குக் கீழே, 'பேச்சுரிமை' என்பது தலைப்பு. முதலாளி அதைப் பார்த்ததும் முகம் மாறி, "பிரிச்சுப் போட்டிரு" என்று மட்டும் சொன்னாராம். போலீசார் வரவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஆனாலும் கோர்த்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அதனதன் அறையில் போட்டாராம் பாட்டா. "பயம் வந்திட்டா, போலீஸ் வரணும்னு இல்ல மக்கா. நம்ம கையே அந்த வேலையைச் செய்யும்" என்றார்.

அன்றிரவுதான் அந்த இரண்டு தாள்களையும் வாசித்தேன். அடுத்த நாள் நூலகத்தில் அரசியல் சட்டத்தின் 352-ஆவது பிரிவைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்த மாணவியின் கேள்வி எவ்வளவு பெரியது என்பது விளங்கிற்று.

1962 அக்டோபர் 26-ஆம் நாள், சீனப் படையெடுப்பின்போது நம் நாட்டில் முதன்முதலாக நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. சண்டை அடுத்த மாதமே நின்றுவிட்டது. ஆனால் பிரகடனம் திரும்பப் பெறப்பட்டது 1968 ஜனவரியில்! 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போர் இரண்டு வாரத்திற்குள் முடிந்தது. அதற்காகச் செய்யப்பட்ட பிரகடனமோ 1977 மார்ச் வரை நீடித்தது. ஒருமுறை ஒப்புதல் தந்துவிட்டால் மறுபடியும் பாராளுமன்றத்தைக் கேட்க வேண்டும் என்ற விதி அந்நாளில் இல்லை. நெருப்பை அணைத்த பிறகும், ஆண்டுக்கணக்கில் அபாயமணி அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த 1971-ஆம் ஆண்டுப் பிரகடனம் இருக்கும்போதே, 1975 ஜூன் 25 இரவு, உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணத்தால் இன்னொரு பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். பிரதமர் இந்திரா காந்தியின் அமைச்சரவைக்கே அது மறுநாள் விடியற்காலையில்தான் தெரிவிக்கப்பட்டது. ஆனால், பாராளுமன்றத்தைக் கேட்காமலா நெருக்கடி நிலை நடந்தது? இல்லை. ஜூலை 22-இல் மாநிலங்களவையும், 23-இல் மக்களவையும் ஒப்புதல் தந்தன. மக்களவையில் ஆதரவு 336, எதிர்ப்பு 59. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள்; அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது; செய்தித்தாள்களுக்குத் தணிக்கை. அதே மக்களவை பின்னர்த் தன் ஆயுளையும் தானே நீட்டிக்கொண்டது. 1976 ஜனவரி 31-இல் தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டது. பாட்டா எழுத்துகளைப் பிரித்துப் போட்டது அதன் பிறகுதான்.

அதே ஆண்டு ஏப்ரல் 28-இல், நெருக்கடி நிலையில் சிறைப்பட்டவர் தம் விடுதலைக்காக நீதிமன்றத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர் அவ்வாறு கூற, எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். அந்த ஒருவரைத்தான் நாடு இன்றும் போற்றுகிறது.

இந்த அனுபவத்திற்குப் பிறகு வந்ததுதான் 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம். உள்நாட்டுக் குழப்பம் என்ற சொல் நீக்கப்பட்டு, ஆயுதமேந்திய கிளர்ச்சி என்ற சொல் வந்தது. அமைச்சரவையின் முடிவை எழுத்தில் பெற்ற பிறகே குடியரசுத் தலைவர் கையெழுத்திடலாம். முன்பு இரண்டு மாதத்திற்குள் ஒப்புதல் பெற வேண்டும். இப்போது ஒரே மாதம். வெறும் பெரும்பான்மை போதாது. ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டவரும், வந்திருந்து வாக்களித்தவரில் மூன்றில் இரு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை மீண்டும் ஒப்புதல் பெற வேண்டும். மக்களவையில் பத்தில் ஒரு பங்கினர் எழுதிக் கேட்டால், பிரகடனத்தை மறுக்கும் தீர்மானத்திற்காகப் பதினான்கு நாளில் அவை கூடியாக வேண்டும். இன்றுள்ள 543 இடங்களுக்கு, அது 55 கையெழுத்து. உயிருக்கும் உடல் விடுதலைக்குமான உரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது.

ஆக, "எத்தனை நாளைக்கு?" என்ற கேள்விக்கு அரசியல் சட்டத்திலேயே விடை இருந்தது. அமைச்சராக நடித்தவனுக்கும் அது தெரியாது. கை தூக்கிய எனக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மேசை தட்டுவதுதான்!

சட்டம் மட்டும் இருந்தால் போதுமா என்று எண்ணிப் பார்த்தேன். அண்டை நாடான இலங்கையில் நெருக்கடி நிலையை மாதந்தோறும் பாராளுமன்றம் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆனாலும் 1983-க்குப் பிறகு, சிற்சில இடைவெளிகள் தவிர, 2011 வரை மாதாமாதம் கைகள் உயர்ந்துகொண்டே இருந்தன. அமெரிக்காவில் 1964 ஆகஸ்டில், வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த ஜனாதிபதி ஜான்சனுக்கு அதிகாரம் அளித்த தீர்மானம், கீழவையில் 416-க்குப் பூஜ்யம் என்ற கணக்கில் நிறைவேறியது. மேலவையில் மறுத்தவர்கள் இருவரே. கேளாமல் கை தூக்கியதன் விலையை உணர்ந்த பின், 1973-இல், ஜனாதிபதி நிக்சனின் மறுப்பையும் மீறி, அறுபது நாள் வரம்பு விதிக்கும் போர் அதிகாரச் சட்டத்தை அவர்கள் இயற்றினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் ஊரிலேயே பாடம் இருக்கிறது. பாட்டா பிறந்த அதே 1954-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 11-இல், தாய்த் தமிழகத்தோடு இணையப் போராடியவர்கள்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது; பலர் உயிரிழந்தனர். அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் பட்டம் தாணுப் பிள்ளையின் ஆட்சி. அவருடைய கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே, நம் கட்சி ஆட்சியாயினும் பதவி விலக வேண்டும் என்று கோரினார். அன்று ஆட்சி விலகவில்லை. ஆனால் 1955 பிப்ரவரியில் அதே அமைச்சரவை சட்டமன்றத்தில் நம்பிக்கை இழந்து வீழ்ந்தது. வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும், தன் பக்கத்து வரிசையைப் பார்த்தே கேள்வி கேட்கும் துணிவு எப்படி இருக்கும் என்பதை லோகியாவிடம் கண்டேன்.

தவறு கண்டால் இடித்துரைக்கும் துணை இல்லாத அரசன், பகைவர் இல்லாமலேயே கெடுவான் என்பது வள்ளுவர் காட்டிய வழி. இன்று அரசனுக்குப் பதில் அமைச்சரவை இருக்கிறது; இடித்துரைக்க வேண்டிய இடம் பாராளுமன்றம். அங்கே உட்காருபவர் எதிர்க்கட்சியினர் மட்டுமல்லர். போரும் பேரிடரும் வரும்போது அரசுக்கு விரைந்து செயலாற்றும் அதிகாரம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த அதிகாரத்தைத் தருகின்ற கை, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டபின் உயர வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சில நாள் கழித்து அந்த மாணவியைக் கல்லூரி வராந்தாவில் கண்டு, "ஆறு மாதம், அதன்பின் மறுபடியும் அவையைக் கேட்க வேண்டும்" என்றேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும், "அன்றே சொல்லியிருக்கலாமே" என்றாள். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

நண்பர்களே, இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் சிலர் ஊராட்சியிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, சட்டமன்றத்திலோ உட்காரக்கூடும். மற்றவர்கள் வாக்குச்சாவடிக்காவது செல்வோம். எங்கே இருந்தாலும், கையைத் தூக்கும் முன் தாளை வாசிப்போம். பாட்டாவின் கேள்விக்கு அடுத்த முறையேனும் நான் தலைநிமிர்ந்து விடை சொல்ல வேண்டும்.