பழைய பிக்கப்பும் புதிய புகைக்குழாயும்

உங்கள் வீட்டு வாசலில் பழைய பிக்கப் ஒன்று நிற்கிறதென்றால் இந்தக் கட்டுரையைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். நான் போமன் அல்லன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிற வாத்தியார். கையில் இருப்பது ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றுதான். இஞ்சினைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சங்கதி பட்டறையில் தொடங்கவில்லை, என் வகுப்பறையில் தொடங்கியது.

நான்காம் ஆண்டில் ஒரு பெண்பிள்ளை. வாய்ப்பாடு கேட்டால் மற்றவர்கள் யோசிப்பதற்குள் சொல்லி முடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடப்பாள். தலைவலி என்பாள். ஒருநாள் வாந்தியும் எடுத்தாள். ஓய்வு நேரம் முடிந்து கொஞ்சம் கழித்துப் பார்த்தால் பழையபடி துள்ளுவாள். தாயார் மந்திரித்துக் கையில் கயிறு கட்டியிருந்தார். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. அதென்ன கணக்கு, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருகிற தலைவலி என்றுதான் யோசித்தேன்.

அந்த இரண்டு நாளும் தாயார் டவுன் பசாரில் காய்கறி விற்கும் நாள். விடிகாலை நான்கு மணிக்கு மூத்த மகன் பிக்கப்பை ஓட்ட, தாயும் பிள்ளையும் முன்னால் நெருக்கி உட்கார்ந்து போவார்கள். மழையும் குளிரும் என்று கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். பிறகு பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு மகன் ஆலை வேலைக்குப் போவான். பிக்கப், காலமான தகப்பனார் விட்டுப்போன சொத்து. 1981 இல் பதிவான டொயோட்டா ஹைலக்ஸ், பெட்ரோல் இஞ்சின்.

நான் இதைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே அந்த அம்மாள் என்னைத் தேடி வந்தார். வேறு வழக்கோடு வந்தார். “சார், இவன் அப்பா காடியில என்னமோ எக்ஸ்ட்ராக்டர் போடப் போறானாம். ரேஸ் ஓட்டற பசங்க போடறதாமே. நீங்க சொன்னா கேப்பான் சார், வேணாம்னு சொல்லுங்க” என்றார். மகன் என் பழைய மாணவன். ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

எக்ஸ்ட்ராக்டர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இஞ்சினில் எரிந்த புகை வெளியே வரும் இடத்தில் வார்ப்பிரும்பில் செய்த ஒரு கூட்டுக்குழாய் இருக்கும். மெனிஃபோல்ட் என்பார்கள். நான்கு சிலிண்டரின் புகையும் அதற்குள் முட்டி மோதி ஒரே வழியில் வெளியேற வேண்டும். பள்ளி விட்டதும் நான்கு வகுப்புப் பிள்ளைகளை ஒரு குறுகலான கதவு வழியாக அனுப்பினால் எப்படி இருக்கும்? அதுபோலத்தான். எக்ஸ்ட்ராக்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இரும்புக்குழாய், ஏறக்குறைய ஒரே நீளத்தில். பெரும்பாலான நான்கு சிலிண்டர் இஞ்சின்கள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிப்பதால் ஒன்றையும் நான்கையும், இரண்டையும் மூன்றையும் முதலில் சேர்த்து, பிறகு இரண்டையும் ஒன்றாக்குவார்கள். முன்னே போகும் புகை பின்னே வருவதை இழுத்துக்கொண்டு போகும். மேடேறும் போது இஞ்சின் கொஞ்சம் இலேசாக இழுக்கும். கொஞ்சம்தான். பழைய பிக்கப்பைப் பந்தயக் குதிரையாக்கிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

பையனை அதட்டத்தான் போனேன். அவன் இஞ்சினை முடுக்கினான். தையல் இயந்திரம் ஓடுவது போல ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். ஐந்து நிமிடத்தில் குறைந்துவிட்டது. டவுனில் ஒரு பட்டறையில் இதை வால்வு சத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பையன் இஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, வெப்பத் தகட்டைக் கழற்றிக் காட்டினான். மெனிஃபோல்டில் மயிரிழை போல ஒரு விரிசல். அதைச் சுற்றிக் கரி பூசியது போலக் கறுப்பு. இரும்பு சூடேறி விரிந்ததும் விரிசல் ஓரளவு மூடிக்கொள்ளும், சத்தமும் அடங்கும். அதனால்தான் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது காடி நல்லபிள்ளை ஆகிவிட்டது.

எனக்கு உடனே பிள்ளையின் நினைவு வந்தது. பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்க்காற்று இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், தூக்கம். அளவு மிஞ்சினால் உயிரே போகும். நல்ல காற்றில் சில மணி நேரம் இருந்தால் மெல்ல வெளியேறும். பழைய பிக்கப்பில் கிளட்ச் மிதியருகேயும் ஒயர் நுழையும் துளைகளிலும் ரப்பர் காய்ந்து உதிர்ந்திருக்கும். இஞ்சின் பக்கத்துப் புகை அந்த வழியாக உள்ளே வந்துவிடும். பெரியவர்களுக்கும் தலை கனத்துத்தான் இருந்திருக்கிறது. அந்த அம்மாள் அதைத் தூக்கமின்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றே பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகவும், புகையைப் பற்றி டாக்டரிடம் மறக்காமல் சொல்லவும் கேட்டுக்கொண்டேன். காடியை அப்படியே நிறுத்தியாயிற்று. இரண்டு வாரம் பக்கத்து வீட்டுக்காரர் காய்கறியை ஏற்றிப் போனார்.

வார்ப்பிரும்பை வெல்டிங் வைப்பது எளிதல்ல. பதமாகச் சூடேற்றாமல் வைத்தால் பக்கத்திலேயே மறுபடி விரியும். ஹாப் கட் கடைகளில் தேடியதில் கிடைத்த பழைய மெனிஃபோல்டும் இதே வயதுடையது. ஆக, எக்ஸ்ட்ராக்டர்தான் புத்திசாலித்தனம் என்று நானே தாயாரிடம் பேசும்படி ஆயிற்று. 420 வெள்ளி. வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நாடுகளுக்காகச் செய்தது நம் காடியில் ஸ்டியரிங் தண்டில் இடிக்கக்கூடும். இஞ்சினோடு சேரும் தகடு தடிப்பாக இருக்கட்டும். மெல்லிய தகடு சூட்டில் வளையும்.

வேலையன்று நான் விளக்குப் பிடித்தேன், நட்டுகளைக் கழுவினேன். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஊறவைத்திருந்தான். பேட்டரி ஒயரை முதலில் கழற்றினான். நட்டை ஒரேயடியாகத் திருகாமல், கொஞ்சம் அவிழ்த்து, கொஞ்சம் இறுக்கி, மறுபடி அவிழ்த்து வெளியே எடுத்தான். அப்படியும் ஒன்று தண்டோடு முறிந்தது. முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்து, அந்தச் சூட்டிலேயே திருகி எடுத்தான். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவனுக்கு அது சாதாரணம்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து புது பேக்கிங் வைத்தான். எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றி, நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் படிப்படியாக இறுக்கினான். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது அந்தந்த இஞ்சினின் கைநூலில் இருக்கும். பிரேக் குழாய், ஒயர், ஸ்டியரிங் தண்டு எதையும் புதுக்குழாய் தொடக்கூடாது. முடுக்கும்போது இஞ்சின் ஆடும் என்பதால் இடைவெளி தாராளமாக வேண்டும். பின்குழாயின் பாரம் ரப்பர் தொங்கலில் இருக்க வேண்டும். எக்ஸ்ட்ராக்டரைப் பிடித்துத் தொங்கினால் புதியதும் விரியும்.

முதல் ஓட்டத்தில் வர்ணமும் எண்ணெயும் கருகிப் புகைந்தது. திறந்த வெளியில்தான் ஓட்டினோம். ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கினான். ஒரு வாரம் கழித்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி வெளுத்திருந்தது. பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று பொருள். கார்புரேட்டரைச் சரிசெய்து இளம்பழுப்பு நிறத்துக்குக் கொண்டுவந்தான். சைலன்சரில் கைவைக்க நான் விடவில்லை. பட்டணத்தில் காது கிழிய ஓட்டுகிறவர்களுக்காகவே வாகன ஓசையைப் பற்றி 1987 இல் தனி விதிமுறைகள் வந்திருக்கின்றன.

துளைகளுக்கெல்லாம் புது ரப்பர் போட்டாயிற்று. நச்சு வாயுவைக் கண்டால் கூவுகிற, பேட்டரியில் ஓடும் சிறு கருவியொன்றையும் வாங்கி முன்னால் மாட்டியிருக்கிறான். இதுவரை அது கூவவில்லை. செவ்வாய்க்கிழமை வாய்ப்பாட்டுக்கு இப்போது ஆள் குறைவதில்லை.

அந்த அம்மாளுக்கு மட்டும் காடியின் புதுச் சத்தம் பிடிக்கவில்லை. “அவரு ஓட்டின சத்தம் இது இல்ல சார்” என்கிறார். விரிசல் விட்ட மெனிஃபோல்டைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட மகன் எடுத்தபோது, அவர் விடவில்லை. அது இப்போது கோழிக்கூண்டின் தகரம் காற்றில் பறக்காமல் மேலே பாரமாக இருக்கிறது.